அறுப்பவனின் வார்த்தை

மரத்தோடு புழங்குபவர்களிடையே ஒரு வாக்கியம் வழங்கிவருகிறது. அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு ரம்பம் வைத்துத் தடி அறுப்பவர்கள், மேஜை செய்பவர்கள், கிண்ணம் கடைபவர்கள் ஆகிய எல்லோரும் ஏதாவதொரு கட்டத்தில் இதைச் சொல்லிவிடுகிறார்கள்: தான் என்னவாக வேண்டும் என்று மரமே சொல்லும், காதுகொடுத்துக் கேட்டால் போதும். இதைச் சொல்லும்போது குரல் சற்றுத் தாழும். கேட்பவர் தலையை மெல்ல அசைப்பார். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

அடக்கம் பேசுவதுபோல் இருக்கிறது இந்த வாக்கியம். மனிதன் தன் விருப்பத்தை ஒதுக்கி, வேறொரு ஜீவனின் விருப்பத்துக்குச் செவி சாய்ப்பதாகத் தோற்றம் தருகிறது. ஆனால் இதில் ஒரு தப்பித்தல் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி. தப்பித்துக்கொள்வது யார், எதிலிருந்து என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

பார்க்க எனக்குள்ள தகுதி சிறியது. இந்தியானா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பிழைப்பு வேறு. 11 வருஷங்களாக, டிரெய்லரைப்போல் காரின் பின்னால் இழுத்துச் செல்லக்கூடிய ஒரு ரம்பம் வைத்திருக்கிறேன். சனி ஞாயிறுகளில் அறுக்கிறேன். இந்தப் பக்கத்துக்கு இது புதிதல்ல. இவ்வகை யந்திரங்களில் பெயர்பெற்ற வுட்-மைஸர் 1982-ல் இந்தியானாபோலிஸில்தான் தோன்றியது. நீண்ட இரும்புப் படுக்கை ஒன்று. அதன்மேல் தடியைக் கிடத்தி இறுக்குகிறோம். இரண்டு சக்கரங்களைச் சுற்றி நாடாபோல் ஓடும் மெல்லிய ரம்பம், தன் எஞ்சினோடு தண்டவாளத்தில் நகர்ந்து, தடியைப் படுக்கைவாட்டில் அறுத்துக்கொண்டு போகிறது. ரம்பத்தின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். ஓர் அறுப்பில் தூளாகிப் போவது 2 அல்லது 3 மில்லிமீட்டர். பலகையை எடுத்து வைத்துவிட்டு, ரம்பத்தை அடுத்த பலகையின் கனத்துக்கு இறக்கி, மறுபடி தள்ளவேண்டும். தொழில் இவ்வளவே. இரண்டு அறுப்புகளுக்கு நடுவில் ஒருவன் நின்று பார்க்கிறான் என்பதையும் தொழிலில் சேர்ப்பதானால், என் கட்டுரை முழுவதும் அந்த நடுப்பொழுதைப் பற்றியதுதான்.

2

இங்கு மரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கறுப்பு வால்நட். நம் கடைகளில் அக்ரூட் என்று விற்கும் பருப்பின் மரத்துக்கு அமெரிக்கச் சொந்தம். தன்னடியில் தக்காளிச் செடியை வளரவிடாத அளவுக்கு மண்ணில் ஒருவித நஞ்சைக் கலந்துவைக்கும் மரம். அதன் வைரம், ரம்பம் கடந்த கணத்தில், எதிர்பார்ப்பதுபோல் பழுப்பாக இருப்பதில்லை. பச்சையும் ஊதாவும் கலந்து, ஏதோ தவறாகத் திறந்துவிட்டதுபோல் இருக்கும். காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரேயே அந்த நிறங்கள் மங்கிப் பழுப்பாகத் தொடங்கும். உலகத்துக்குத் தெரிந்த வால்நட் நிறம், மரம் நம் காற்றைச் சந்தித்தபிறகு வருவது. வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே நிற்கும். பெரிய ஆலைகளில் பலகைகளை நீராவியில் வைத்து அந்த வெள்ளையையும் பழுப்பாக்கி, எல்லாவற்றையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு ஒரே சாயல் பிடித்திருக்கிறது.

இந்த ஆலைகள், வீட்டு முற்றத்தில் வளர்ந்த மரத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. காரணம் இரும்பு. வீட்டருகில் நின்ற மரத்தில் மனிதர்கள் ஆணி அடித்திருப்பார்கள், கொடி கட்டக் கொக்கி முடுக்கியிருப்பார்கள், வேலிக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். மரம் அவற்றைத் துப்பிவிடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு வளையமாக மேலே மூடிக்கொண்டு போகிறது. ஆலையின் ரம்பத்துக்கு அதில் ஒன்று அகப்பட்டாலும் நஷ்டம். ஆகவே முற்றத்து மரம் விழுந்தால் அது விறகு, அல்லது குப்பை, அல்லது என்னைப் போன்ற ஒருவனின் சனிக்கிழமை.

2021 இலையுதிர் காலத்தில், என் தெருவிலேயே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் முற்றத்து வால்நட் புயலில் சாய்ந்தது. அடியில் 38 அங்குலக் குறுக்களவு. 9 அடி நேரான தடி. அதற்கு மேல் இரண்டாகப் பிரியும் கவை. பச்சை வால்நட்டின் எடையைக் கணக்கிட்டால் கவை நீங்கலாகவே ஒன்றரை டன்னுக்குக் குறையாது. இங்குள்ள வழக்கப்படி பேசிக்கொண்டோம்: பாதிப் பலகை அவருக்கு, பாதி எனக்கு, அறுப்புக் கூலி இல்லை.

என் ரம்பத்தின் வாய் 28 அங்குலம்தான். அதைவிடப் பருத்த தடியை இரண்டு பக்கமும் செதுக்கிச் சிறிதாக்கலாம்; அல்லது சட்டத்தில் பொருத்திய சங்கிலி ரம்பத்தால் நெட்டுவாக்கில் பிளந்து, இரு பாதிகளையும் தனித்தனியே ஏற்றலாம். செதுக்கினால் மரம் வீண். பிளந்தால் அகலம் போயிற்று. 36 அங்குல அகலத்தில் ஒரே பலகை என்பது இனி இல்லை. சங்கிலி ரம்பம் ஒவ்வொரு தடவையும் 9 மில்லிமீட்டரைத் தின்றுவிடும் என்பது வேறு. நான் பிளந்தேன். கவையைத் தனியாக வெட்டியெடுத்து, முழுவதையும் சங்கிலி ரம்பத்தால் அறுத்தேன்.

இப்போது அந்த வாக்கியத்தை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம். 28 அங்குலத்துக்கு உட்பட்ட பலகைகளாக வேண்டும் என்று அந்த மரம் விரும்பியதா? அது என் யந்திரத்தின் வாய். என் சேமிப்பு வாங்கக்கூடிய வாய். தெருக்கோடியில் இன்னும் அகலமான ரம்பம் வைத்திருந்தவன் இருந்திருந்தால் மரத்தின் விருப்பம் 36 அங்குலமாகியிருக்கும். நம் வசதிகளின் எல்லையை மரத்தின் வாயில் வைத்துப் பேசவிடுவதில் எந்த அடக்கமும் எனக்குத் தெரியவில்லை.

3

இந்த வாக்கியத்துக்கு மிக உயர்ந்த உருவம் கொடுத்தவர் ஜார்ஜ் நகாஷிமா. அவரை எதிர்கொள்ளாமல் இந்தப் பேச்சை முடிப்பது கோழைத்தனம்.

1905-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேனில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கட்டடக்கலை படித்தார். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டிடம் வேலைபார்த்தார். 1930-களின் பிற்பகுதியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டுவதற்காகப் பாண்டிச்சேரிக்கு வந்து தங்கினார். நம் மண்ணில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று என்று சொல்லத்தக்க அந்தக் கான்கிரீட் கட்டடத்தில் அவருடைய கையும் இருக்கிறது. அங்கே அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. அமெரிக்கா திரும்பியபின் 1942-ல், ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோவின் மினிடோக்கா முகாமில் அடைக்கப்பட்டார். முகாமில், ஜப்பானிய மரபில் பயின்ற கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரோடு சேர்ந்து, மிச்சமீதிக் கட்டைகளிலும் பாலைவனப் புதர்களின் கொம்புகளிலும் வேலை கற்றார். 1943-ல் ரேமண்டின் முயற்சியால் விடுதலையாகி, பென்ஸில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறி, 1990-ல் இறக்கும்வரை மரத்தோடு வாழ்ந்தார். வால்நட் பலகையின் ஓரத்தை நேராக்காமல், மரத்தின் வெளிக்கோடு அப்படியே தெரியவிட்டு மேஜை செய்வதும், வெடிப்பை மறைக்காமல் வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையால் தைத்து நிறுத்துவதும் அவரால் உலகம் அறிந்தது.

மரத்தின் ஆத்மா என்பதையே தலைப்பாகக் கொண்டு 1981-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். மரத்துக்கு இரண்டாவது வாழ்வு உண்டு, தச்சன் அதற்கு வழிவிடுகிறான் என்பது அவருடைய பார்வையின் சாரம். 1984-ல் அவருக்கு ஒரு மாபெரும் வால்நட் தடி கிடைத்தது. அதிலிருந்து சமாதானத்துக்கான பீடம் ஒன்றைச் செய்தார். 1986 முடியும் தறுவாயில் அது நியூயார்க்கின் புனித ஜான் தேவாலயத்தில் நிறுவப்பட்டது. கண்டத்துக்கு ஒன்று என்பது அவர் கனவு. அவர் மறைந்தபின் ஆசியாவுக்கென்று செய்யப்பட்ட வால்நட் பீடம் 1996-ல் ஆரோவில்லுக்கு வந்தது. பாண்டிச்சேரியை விட்டு அவர் போய் அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, அவருடைய பட்டறையின் மரம் பாண்டிச்சேரிப் பக்கம் வந்து சேர்ந்தது.

இதை எழுதும்போது எனக்கே குரல் தாழ்கிறது. இவ்வளவு அழகாகப் பொருந்திவரும் ஒரு வாழ்க்கையில், அந்த மரம் சமாதான பீடமாகத்தான் ஆகவேண்டியிருந்தது என்று நினைக்காமலிருப்பது கடினம். அந்தக் கடினத்தையே இங்கு கைக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏனெனில் வால்நட்டுக்கு இன்னொரு சரித்திரமும் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் துப்பாக்கிக் கட்டைகள் வெகுகாலம் வால்நட்டால் ஆனவை. 1903-ன் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியிலும், இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்கள் தூக்கிச்சென்ற எம்-1 கராண்டிலும் தோளில் பதிந்தது இந்த மரம். முதல் உலகப்போரில் துப்பாக்கிக் கட்டைகளுக்கும் விமானங்களின் உந்துவிசிறிகளுக்கும் வால்நட் தேவைப்பட்டபோது, 1918-ல் அதிபர் வுட்ரோ வில்ஸன் சாரணச் சிறுவர்களை ஊர் ஊராக வால்நட் மரங்களைத் தேடிக் கணக்கெடுக்கச் சொன்னார். சிறுவர்கள் பண்ணை பண்ணையாகப் போய், 2 கோடி போர்டு அடிக்கு மேல் மரம் நிற்பதாகக் கணக்குக் கொடுத்தார்கள். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் கொண்டது ஒரு போர்டு அடி.

துப்பாக்கிக்கு ஏன் வால்நட்? உலர்ந்தபின் அது அதிகம் சுருங்குவதில்லை, திருகிக்கொள்வதில்லை. அதிர்ச்சியைத் தாங்குகிறது. உளிக்கு இணங்குகிறது. கைக்கு இதமாயிருக்கிறது. பீடத்துக்கு ஏன் வால்நட் என்று கேட்டாலும் இதே பதில்கள்தான், வரிசைகூட மாறாது. பலகையின் கனம்கூட ஏறக்குறைய ஒன்றே: இரண்டரை அங்குலம். அறுத்து அடுக்கிய பலகையைப் பார்த்து, இது தேவாலயத்துக்குப் போகும், இது போர்முனைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மரம் தன் ஆத்மாவின் நிறைவைப் பீடத்தில் கண்டது என்றால், 1918-ன் மரங்கள் தங்கள் நிறைவைப் பள்ளத்தில் படுத்துச் சுட்டவனின் தோளில் கண்டன என்றும் சொல்லவேண்டும். இரண்டாவதைச் சொல்ல நமக்கு வாய் வராது. அப்போது மட்டும், மனிதர்கள் அந்த மரத்தைத் துப்பாக்கியாக்கினார்கள் என்போம். அழகானதை மரத்தின் கணக்கிலும் கொடியதை மனிதனின் கணக்கிலும் எழுதுவது கணக்கே அல்ல. இரண்டையும் மனிதனின் பற்றில் எழுதினால்தான் நகாஷிமாவின் பீடத்துக்கும் மதிப்பு: ஓர் அரசு சிறைவைத்த மனிதன், அந்த அரசு துப்பாக்கிக்குப் பயன்படுத்திய மரத்தில், தானே விரும்பி, தானே தேர்ந்து, சமாதானத்துக்கு ஒரு பீடம் செய்தான். மரம் விரும்பியது என்று சொல்வது அவனிடமிருந்து இதைப் பறித்துவிடுகிறது.

4

அப்படியானால் மரம் வெறும் ஜடப்பொருள், நாம் வைத்ததுதான் சட்டமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ரம்பத்தருகே நின்ற அநுபவத்தில் எனக்குக் கிடைத்த பதில் இது: மரம் மறுப்பதுண்டு, கேட்பதில்லை. 'முடியாது' என்ற ஒரு சொல் அதற்கு இருக்கிறது; 'வேண்டும்' என்ற சொல் இல்லை.

நடுச்சோற்றைப் பலகைக்குள் விட்டால் வெடித்துத்தான் தீரும். முனைகளுக்கு மெழுகு பூசாவிட்டால் தண்ணீர் அங்கே முதலில் வெளியேறிப் பிளக்கும். சாய்ந்து வளர்ந்த பக்கத்தின் மரம் விறைப்பைச் சேர்த்துவைத்திருக்கும். ரம்பம் பாதி போனதும் வில்போல் எழும்பும். பலகைகளுக்கிடையே ரீப்பர் வைத்துக் காற்றுவிட்டு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று காத்திராவிட்டால் மேஜையான பிறகு பழிவாங்கும். இந்த மறுப்புகள் எல்லாம் நிஜம். கற்பனையில்லை, உருவகமும் இல்லை. மறுப்பை மதிப்பவன் நல்ல அறுப்பாளி. ஆனால் மறுப்புகளின் பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் அதிலிருந்து ஒரு விருப்பம் பிறந்துவிடாது. சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதால் எந்தக் கதவு வழியே போகவேண்டும் என்பது தெரிந்துவிடுவதில்லை.

கவையை எடுத்துக்கொள்வோம். கிளைகள் பிரியுமிடத்தில் நார்கள் ஒன்றையொன்று நெருக்கித் திருகிக்கொள்வதால், அங்கே அறுத்த பலகையில் இறகுபோன்ற ஒரு சித்திரம் விரியும். பார்ப்பவர்கள், உள்ளே இவ்வளவு நாள் இது ஒளிந்திருந்ததே என்று வியப்பார்கள். ஒளிந்திருக்கவில்லை. உள்ளே இருந்தவை நார்கள். இரண்டு கிளைகளின் மையங்களும் கிடக்கும் தளத்தின் வழியே ஒரு ரம்பம் போனால் இறகு. அரை அங்குலம் தள்ளிப் போனால் வேறோர் இறகு. குறுக்கே போனால் இறகே இல்லை. எண்ணற்ற தளங்கள் சாத்தியமாயிருந்தன. நான் ஒன்றைத் தேர்ந்தேன். அதன் இருபுறமும் இருந்த சித்திரங்கள் 9 மில்லிமீட்டர் தூளாய்க் காலடியில் விழுந்தன. அவற்றை இனி ஒருவரும் பார்க்கப்போவதில்லை, நானும் பார்க்கவில்லை. இதை நான் படைத்தேன் என்பது அகங்காரம். இது அங்கே இருந்தது என்பது பொய். தேர்ந்தேன், தேர்ந்ததால் மற்றவை அழிந்தன என்பதே நடந்ததற்கு நெருக்கமான வாக்கியம். அறுப்பதற்கு முன் உள்ளே பார்க்க வழியில்லை. அறுத்தபின் ஒட்ட வழியில்லை. அறியாமலும் மீளமுடியாமலும் செய்யும் இப்படிப்பட்ட காரியத்தில், விருப்பம் தன்னுடையது என்ற பிரக்ஞையாவது அறுப்பவனிடம் இருக்கவேண்டும்.

நம் எழுத்துலகத்தில் இதே வாக்கியத்தின் உறவினர்கள் உலவுவதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். கவிதை தன்னைத்தானே எழுதிக்கொண்டது, நான் வெறும் கருவி என்கிறான் கவிஞன். பாத்திரங்கள் என் கையை மீறிப் போய்விட்டார்கள் என்கிறான் நாவலாசிரியன். மொழி மறுப்பதுண்டு என்பது உண்மை; சந்தம் மறுக்கும், சொல்லின் பழைய வாடை மறுக்கும். ஆனால் அடித்தெழுதிய வரிகளை அடித்தது மொழி அல்ல. நல்ல வரிக்கு அருள், மோசமான வரிக்கு அவசரம் என்று காரணம் சொல்கிறவனிடம், அடுத்த வரிக்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இது மரத்தோடும் கவிதையோடும் நின்றுவிட்டால் நான் இவ்வளவு தூரம் பேசவேண்டியதில்லை. வாய் பேசாததன் சார்பில் 'அதற்கு இதுதான் விருப்பம்' என்று பேசும் பழக்கம் மனிதர்கள்மேல் திரும்ப வெகுநேரம் ஆகாது. வீட்டிலேயே தொடங்குகிறது: அவளுக்கு வேலைக்குப் போக இஷ்டமில்லை, அம்மாவுக்கு ஊரிலேயே தனியாக இருக்கத்தான் பிடிக்கும். மக்களின் விருப்பம் என்று அரசு சொல்லும்போது உச்சத்தை எட்டுகிறது. 1942-ன் முகாம்களுக்கு அதிகாரிகள் வைத்த பெயரில் சிறை என்ற வார்த்தை இல்லை. இடமாற்ற மையங்கள் என்றார்கள், அங்கே கொண்டுபோவது அவர்களுடைய நன்மைக்கும் கூட என்றார்கள். முள்கம்பிக்குள் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. மரத்துக்காகப் பேசுபவன் முகாம் கட்டுகிறவன் என்று சொல்லவில்லை. இருவரும் ஒரே இலக்கணத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்கிறேன்: தன் விருப்பத்துக்கு எழுவாயாக, மறுத்துப் பேச முடியாத ஒருவரை வைக்கும் இலக்கணம்.

நகாஷிமாவின் நடைமுறை அவர் வார்த்தையைவிட உயர்ந்தது என்று நினைக்கிறேன். ஒரு தடியின் பலகைகளை அறுத்த வரிசை கலையாமல் அடுக்கிவைப்பார், மீண்டும் ஒரு மரம்போல. ஒவ்வொன்றையும் வருஷக்கணக்கில் வைத்திருந்து யோசிப்பார். ஆத்மாவின் குரல் ஸ்பஷ்டமாகக் கேட்டுவிட்டவனுக்கு அத்தனை யோசனை எதற்கு? யோசித்தது அவர்தான். அந்த யோசனையைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

5

ஆசிரியையின் தடிக்குத் திரும்புகிறேன். ஒரு பாதியை ரம்பத்தில் ஏற்றுமுன் உலோகங்காட்டும் கருவியை வைத்துப் பார்த்தபோது முனகியது. ஆழம் தெரியவில்லை. மூன்றாவது அறுப்பில் பல் உடையும் சத்தம். பலகையைப் புரட்டினால், உள்ளே ஒரு பழைய இரும்புக் கொக்கி. அதைச் சுற்றி, மரத்தின் துவர்ப்பும் இரும்பும் கலந்ததால் உண்டான கருநீலக் கறை, சுடரைப்போல் நார் ஓடும் திசையில் ஓரடிக்கு நீண்டிருந்தது. கொக்கியிலிருந்து பட்டைவரை வளையங்களை எண்ணினேன்: 52. ஆசிரியை வந்து பார்த்தார். 1969-ல் அந்த வீட்டுக்குக் குடிவந்த வாரம் அவர் கணவர் துணிக்கொடி கட்ட முடுக்கிய கொக்கி என்றார். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. சந்தையில் அந்தப் பலகைக்கு விலை கிடையாது, கறை குறை. அவர் கையை அதன்மேல் வைத்து, "எனக்கு இது வேண்டும்" என்றார். மரம் இவ்வளவு நாள் இதைத் தனக்காகக் காத்துவைத்திருந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுக்க யாருக்கும் மனம் வந்திருக்காது. வேண்டும் என்றார். எடுத்துக்கொண்டார்.

2022-ல் இன்னொருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் கையால் கட்டை செய்கிறவர், தேர்ந்த வேலைக்காரர். என் பங்குக்கு வந்த கவைப் பலகைகளை வெகுநேரம் பார்த்தார். விரலால் இறகின் வழியே ஓட்டினார். மேஜைக்காரர்கள் கொடுப்பதைவிட இரண்டு பங்கு தருவதாகச் சொன்னார். உலர்ந்தபின் கொடுத்தால் போதும் என்றார்.

எனக்கு அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இந்த மரம் அதற்கானதல்ல என்று சொல்லியிருக்கலாம். அவரும் மரத்தோடு வாழ்கிறவர். தலையை அசைத்துவிட்டுப் போயிருப்பார். நான், "கொடுக்க எனக்கு விருப்பமில்லை" என்றேன்.

ஏன் என்று கேட்டார். துப்பாக்கிக்கு என் கை படவேண்டாம் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. தான் செய்வது மான் வேட்டைக்காரர்களுக்கு என்றார். அந்த இறைச்சியைத் தின்னும் குடும்பங்களைத் தனக்குத் தெரியும் என்றார். நீங்கள் கோழி தின்பதுண்டா என்றார். உண்டு என்றேன். அந்தக் கோழி கொல்லப்படும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்றார். இல்லை. நீங்கள் செய்யும் மேஜையில் என்ன ஒப்பந்தம் கையெழுத்தாகும் என்று உங்களுக்குத் தெரியுமா என்றார். அதுவும் தெரியாது. சற்று யோசித்து, உங்களிடம் இருப்பது ஒரு கொள்கையா, ஒரு கூச்சமா என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் பாதிப் பதில்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவரால் என்னோடு வாதாட முடிந்தது. மரத்துக்கு விருப்பமில்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் யாரோடு வாதாடுவார்? விருப்பம் என்னுடையது என்று சொன்ன நிமிஷத்திலேயே அது கேள்விக்கு உட்பட்டதாகிவிட்டது. என் கோழி, என் மேஜை, என் கூச்சம் எல்லாம் அதோடு சபைக்கு வந்துவிட்டன. தார்மிகத் தீர்மானம் என்று ஒன்று இருக்குமானால், அது எதிராளி பிடித்து ஆட்டிப்பார்க்க ஒரு கைப்பிடியாவது உள்ளதாயிருக்க வேண்டும். மரத்தின் ஆத்மாவுக்குக் கைப்பிடி கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு சௌகரியம்.

இரண்டரை அங்குலக் கவைப் பலகைகள் என் கொட்டகையில் வரிசை கலையாமல் இருக்கின்றன. உலர வேண்டிய காலம் முடிந்துவிட்டது. ஒவ்வொன்றின் முனையிலும் எந்த முற்றத்து மரம், எப்போது விழுந்தது, யார் அறுத்தது என்று எழுதியிருக்கிறேன். என்னவாக வேண்டும் என்று எழுதவில்லை. அந்தத் துப்பாக்கித் தச்சர் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரு தடவை வருகிறார். பலகைகளைப் பார்க்கிறார். விலை பேசுவதில்லை. காப்பி குடித்துக்கொண்டு, போன வருஷம் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். இதுவரை நான் கொடுக்கவில்லை. அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு முடியவில்லை.